யோசனை யாருடையது? ‘மேட் மென்’ ரசிகர்களின் தீராத வழக்கு

2025 டிசம்பரில் ‘மேட் மென்’ தொடர் 4கே தரத்தில் எச்.பி.ஓ. மேக்ஸுக்கு வந்தது. வந்த கையோடு ரசிகர்கள் ஒரு கூத்தைக் கண்டுபிடித்தார்கள். முதல் சீசனில் ரோஜர் ஸ்டெர்லிங் என்ற முதலாளி சிப்பியும் மதுவுமாக மதியச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டு, லிஃப்ட் ஓடாததால் 23 மாடி ஏறிவந்து, நிக்சனின் ஆட்கள் முன்னாலேயே வாந்தி எடுப்பார். லிஃப்ட் ‘ரிப்பேர்’ ஆனதற்குக் காரணம் கதாநாயகன் டான் டிரேப்பர். தன் மனைவியிடம் ரோஜர் வழிந்ததற்குப் பழிவாங்க, லிஃப்ட்காரருக்குக் காசு கொடுத்து நிறுத்திவைத்திருந்தார். புதிய பதிப்பில் அந்தக் காட்சியில் ரோஜருக்குப் பின்னால் படக்குழுவினர் குந்தியிருந்து குழாய் வழியாக வாந்தியைப் பீய்ச்சுவது பளிச்சென்று தெரிந்தது. முதல் ஒளிபரப்பின்போது கணினியில் அழித்திருந்த ஆட்கள், தவறான பிரதி போய்ச் சேர்ந்ததால் திரும்பிவிட்டார்கள்.

முடிந்து பத்து ஆண்டு ஆன தொடரை இப்படிக் கட்டம் கட்டமாக அலசுகிற கூட்டம் லேசில் அமையாது. 2007 ஜூலையில் ஏ.எம்.சி. சேனலில் தொடங்கி, 2015 மே மாதம் 92 எபிசோடுகளோடு முடிந்த தொடர் இது. ‘சோப்ரானோஸ்’ எழுத்தாளர்களில் ஒருவரான மாத்யூ வைனர் உருவாக்கியது. களம், நியூயார்க் மேடிசன் அவென்யூவில் ஸ்டெர்லிங் கூப்பர் என்ற கற்பனை விளம்பர நிறுவனம். காலம், 1960 மார்ச் முதல் 1970 நவம்பர் வரை. 2008 தொடங்கி நான்கு ஆண்டுகள் தொடர்ச்சியாகச் சிறந்த தொடருக்கான எம்மி விருதை வாங்கியது. பழங்கால அறைக்கு அந்தக் காலத்துப் பழங்கள்தான் வேண்டும், இப்போதைய ஆப்பிள்கள் அளவிலும் பளபளப்பிலும் கூடுதல் என்று வைனர் திருப்பி அனுப்பினாராம். அத்தனை கறார். அப்படியும் 1961-ல் சந்தைக்கு வந்த ஐ.பி.எம். செலக்ட்ரிக் தட்டச்சு இயந்திரம், 1960-ல் நடக்கும் முதல் எபிசோடிலேயே மேசைக்கு மேசை உட்கார்ந்திருக்கிறது. அதையும் ரசிகர்கள் விடவில்லை.

ஜோசியம் பார்ப்பது இவர்களுக்கு அடுத்த பொழுதுபோக்கு. மூன்றாவது சீசனில் ரோஜரின் மகள் கல்யாணப் பத்திரிகையில் 1963 நவம்பர் 23 என்ற தேதியைப் பார்த்ததுமே, கல்யாணம் உருப்படாது என்று சொல்லிவிட்டார்கள். முந்தைய நாள்தான் கென்னடி சுடப்பட்டார். அந்த ஒன்று பலித்தது. ஆறாவது சீசனில் டானின் இரண்டாவது மனைவி மேகன் போட்டிருந்த சிவப்பு நட்சத்திர டி-ஷர்ட், மேன்சன் கொலைக் கும்பலுக்குப் பலியான நடிகை ஷாரன் டேட் ஒரு பத்திரிகைப் படத்துக்கு அணிந்ததைப் போன்றது. உடை வடிவமைப்பாளர் ஜேனி பிரையன்ட் அது தற்செயல் அல்ல என்று சொல்லிவிட, மேகனை மேன்சன் கும்பல் கொல்லப்போகிறது என்று ஒரு பெரும் கூட்டமே நாள் குறித்தது. மேகன் சௌக்கியமாக விவாகரத்து வாங்கிக்கொண்டு போனார். டான் கடைசியில் விமானத்தைக் கடத்தி பாராசூட்டில் குதித்து மறைந்த டி.பி. கூப்பராக மாறுவார் என்றார்கள் இன்னொரு தரப்பார். அதுவும் நடக்கவில்லை.

இந்த ஆருடங்களெல்லாம் தொடர் முடிந்ததும் செத்துவிட்டன. டான் யாரோடு படுத்தார், அவருடைய செயலாளராக வந்த பெக்கி யாரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற காதல் கணக்குகளும் ஏறக்குறைய ஓய்ந்தன. ஓயாமல் இருப்பது ஒரே ஒரு வழக்கு. வேலையைச் செய்தது ஒருத்தர், பெயரைத் தட்டிச் சென்றது இன்னொருத்தர் என்ற வழக்கு. எந்த அலுவலகத்திலும் டீ இடைவேளையில் குரலைத் தாழ்த்திப் பேசுகிற சங்கதிதான். என் கணக்கில் இந்தத் தொடரின் உயிரே அதுதான்.

பெக்கி ஓல்சன் எப்படி எழுத்தாளர் ஆனார் என்று பாருங்கள். முதல் சீசனின் ஆறாவது எபிசோட். பெல் ஜோலி உதட்டுச் சாயத்தைச் சோதிக்க அலுவலகப் பெண்களை ஓர் அறையில் கூட்டுகிறார்கள். ஒருவழிக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஆண்கள் விஸ்கியோடு வேடிக்கை பார்க்கிறார்கள். அந்தப் பக்கம் பெண்கள் சாயத்தைப் பூசுவதும் துடைப்பதுமாகச் சிரித்துக்கொண்டிருக்க, பெக்கி மட்டும் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் பிடித்த நிறத்தை வேறொருத்தி எடுத்துக்கொண்டுவிட்டாள். வேறு நிறம் வேண்டாம். துடைத்த காகிதங்கள் நிறைந்த குப்பைக்கூடையை எடுத்து நீட்டும்போது, ஒரு கூடை நிறைய முத்தம் என்கிற மாதிரி ஏதோ சொல்கிறாள். ஃப்ரெடி ரம்சன் என்ற மூத்த காப்பிரைட்டர் திகைத்துப்போய், இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்கிறார். அவளே யோசித்திருக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. பிற்பாடு மற்றவர்களிடம் அவர் விவரிப்பது இன்னும் மோசம்: நாய் பியானோ வாசித்ததைப் பார்த்தது போல இருந்ததாம். தொடரின் மொத்தப் பத்தாண்டும் இந்த ஒரு பாராட்டுக்குள் அடக்கம்.

ஜோனுக்கு அந்தப் பாராட்டுகூட இல்லை. செயலாளர் பெண்களையெல்லாம் கட்டி மேய்க்கும் ஜோன் ஹாலோவே, இரண்டாவது சீசனில் தொலைக்காட்சிப் பிரிவுக்காகக் கதைவசனங்களை முன்கூட்டியே படித்துக் குறிப்பெழுதும் வேலையைத் தற்காலிகமாகப் பார்க்கிறாள். அபாரமாகப் பார்க்கிறாள். வாடிக்கையாளர்கள் அசந்துபோகிறார்கள். உடனே அந்த வேலையை நிரந்தரமாக்கி ஓர் ஆண்பிள்ளையை எடுத்துக்கொள்கிறார் பிரிவின் தலைவர் ஹாரி கிரேன். அவனுக்கு வேலை சொல்லிக்கொடுக்க வேண்டியது ஜோன். அவள் வாதாடுவதில்லை. வீட்டுக்குப் போய்த் தோளில் பிரா பட்டை பதித்த சிவந்த தடத்தைத் தேய்த்துவிட்டுக்கொள்கிறாள். வசனமே கிடையாது.

நான்காவது சீசனில் வழக்கு நேரடியாகவே வெடிக்கிறது. ‘குளோ-கோட்’ தரை மெழுகு விளம்பரத்துக்காக டானுக்கு கிளியோ விருது. அதன் விதை தன்னுடையது என்கிறாள் பெக்கி. விருது வாங்கிய அதே போதையில், வேலை கேட்டு வந்த ஒரு பையனின் வாசகத்தை டான் தன்னுடையது போல வாடிக்கையாளரிடம் சொல்லிவிட, அந்தப் பையனுக்கு வேலை கொடுத்துச் சமாளிக்க வேண்டியதாகிறது. அடுத்த எபிசோட்தான் ரசிகர்களின் பட்டியல்களில் பெரும்பாலும் முதலிடத்தில் நிற்கும் ‘தி சூட்கேஸ்’. 1965 மே 25, முகமது அலியும் சோனி லிஸ்டனும் இரண்டாவது முறை மோதிய இரவு. பெக்கிக்கு அன்று 26-வது பிறந்தநாள். ஓட்டலில் காதலனும் குடும்பமும் காத்திருக்கிறார்கள். டான் அவளை சாம்சோனைட் பெட்டி விளம்பரத்துக்காகப் பிடித்து உட்காரவைத்துவிடுகிறார். கலிஃபோர்னியாவிலிருந்து வந்திருக்கும் சாவுச் செய்தியை எதிர்கொள்ளப் பயந்துதான் அவர் வேலையைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. சண்டை முற்றுகிறது. ஒருநாளாவது நன்றி சொன்னதுண்டா என்று அவள் கேட்க, சம்பளம் அதற்குத்தானே என்று அவர் கத்துகிறார்.

இந்தச் சண்டைக்கு ரசிகர்களிடையே இன்றுவரை தீர்ப்பு எழுதப்படவில்லை. டான் கட்சியின் வாதம் லேசானதல்ல: அவள் கொடுத்த யோசனைகள் ஏராளம், அவற்றில் எது தேறும் என்று பொறுக்கி எடுத்து உருவம் கொடுத்தவர் அவர், அதற்குப் பெயர்தான் தலைமை. பெக்கி கட்சி சொல்வது: பொறுக்கி எடுப்பது உன் வேலை என்றால், எடுத்தது யாருடையது என்று மேடையில் சொல்வதும் உன் வேலை. நான் இரண்டாவது கட்சி. ஆனால் எழுதியவர்கள் கட்சி கட்டவில்லை. விடிந்ததும் டான் போனை எடுத்து அந்தச் செய்தியைக் கேட்டு உடைந்து அழுகிறார், ஒரே சாட்சி பெக்கி. பிறகு அலியின் படத்தை வைத்து அவர் போட்ட விளம்பர யோசனையைக் காட்டிவிட்டு, ஒரு கணம் அவள் கையைப் பற்றிக்கொள்கிறார். மன்னிப்பா, நன்றியா, இரண்டுமா? அதையும் சொல்வதில்லை.

ஐந்தாவது சீசனின் ஜாகுவார் விவகாரம் இதைவிடக் கொடியது. கார் ஒப்பந்தம் கிடைக்க வேண்டுமானால் ஜோன் ஓர் இரவு தன்னோடு இருக்க வேண்டும் என்று கேட்கிறான் விநியோகஸ்தர் சங்கத் தலைவன். பங்குதாரர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அதைப் ‘பரிசீலிக்கிறார்கள்’. ரொக்கம் வாங்காதே, ஐந்து சதவீதப் பங்கு கேள் என்று ஜோனுக்கு யோசனை சொல்கிறார் பங்குதாரர்களில் ஒருவரான லேன் பிரைஸ்; கணக்கில் தான் செய்திருந்த கையாடல் வெளியே வரக்கூடாதே என்பது அவர் கவலை. டான் வேண்டாம் என்று சொல்ல ஜோன் வீட்டுக்கு ஓடுகிறார். காட்சிகளின் வரிசையைக் கலைத்துப்போட்டிருப்பதால், அவர் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்பது நமக்குப் பின்னால்தான் தெரிகிறது. ஜோன் இதற்குச் சம்மதிக்கவே மாட்டாள், எழுத்தாளர்கள் அவளைக் கெடுத்துவிட்டார்கள் என்று கொதித்த ரசிகர்கள் ஏராளம். எனக்கு அப்படிப் படவில்லை. உழைப்புக்குக் கிடைக்காத பங்கு இதற்குத்தான் கிடைக்கும் என்று அந்த அலுவலகம் அவளுக்குப் பல வருடமாகப் பாடம் நடத்தியிருந்தது. பின்னால் அந்த அலுவலகத்தையே வாங்கிய மெக்கேன் நிறுவனம் அவள் பங்கில் பாதியை விழுங்கியபோதும் அவள் தளரவில்லை. சொந்தக் கம்பெனிக்கு ‘ஹாலோவே ஹாரிஸ்’ என்று பெயர் வைக்கிறாள். இரண்டு பெயர் இருந்தால்தான் கம்பெனி மாதிரித் தெரியும் என்பதால், இரண்டும் அவளுடையவையே.

கறுப்பினத்தவர் விஷயத்தில் தொடர் கஞ்சத்தனம் காட்டியது என்ற குற்றச்சாட்டு நியாயமானது. டான், ஷெர்லி என்ற இரு செயலாளர்களுக்குக் கிடைத்த காட்சிகளே சொற்பம். (இந்த டான் பெண், பாஸ் டான் அல்ல.) வெள்ளைக்காரர்களுக்கு இருவரையும் அடையாளம் பிரிக்கத் தெரியாது என்பதால், இவள் அவளைத் தன் பெயரிலும் அவள் இவளைத் தன் பெயரிலும் கூப்பிட்டுச் சிரித்துக்கொள்வார்கள். இன்னும் நாலு எபிசோட் அவர்களுக்குக் கொடுத்திருக்கலாம்.

நிஜமான மேடிசன் அவென்யூவும் யோக்கியம் அல்ல. முதல் சீசனில் டான் ரயிலில் போக்ஸ்வாகனின் ‘லெமன்’ விளம்பரத்தைப் பார்த்து முகம் சுளிப்பார். அலுவலகத்தில் ஆண்கள் கூடி அதை அலசுவார்கள். அந்த ஒற்றைச் சொல் தலைப்பைக் கொடுத்தவர் ரீட்டா செல்டன் என்ற பெண் காப்பிரைட்டர் என்பது விளம்பர உலகம் ஒப்புக்கொண்ட செய்தி. தொடரில் அந்தப் பேச்சு வருவதே இல்லை. அந்த விளம்பரத்தை எழுதிய ஜூலியன் கோனிக், தன் முன்னாள் பங்காளி ஜார்ஜ் லோயிஸ் தன் வேலைகளையெல்லாம் அவருடையது என்று சொல்லிக்கொண்டு திரிகிறார் என்று தள்ளாத வயதிலும் பகிரங்கமாகச் சண்டை போட்டார். லோயிஸ் மறுத்தார். அதே லோயிஸ்தான், நாங்கள் இப்படியெல்லாம் குடித்துக் கூத்தடிக்கவில்லை என்று ‘மேட் மென்’னைத் திட்டித் தீர்த்தவர்.

தொடரை எழுதிய அறைக்குள்ளும் வழக்கு உண்டு. 2009-ல் ஒன்பது எழுத்தாளர்களில் ஏழு பேர் பெண்கள் என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. அந்த ஆண்டு வைனரோடு சேர்ந்து எம்மி வாங்கியவர், அவரது உதவியாளராக இருந்து எழுத்தாளரான கேட்டர் கார்டன். ஏறக்குறைய பெக்கியின் பாதை. விருது வாங்கிய சில வாரங்களில் அவர் வேலையில் இல்லை. தன்னை நிர்வாணமாகப் பார்க்க அனுமதிக்கக் கடமைப்பட்டவள் என்று வைனர் ஒரு இரவு வேலையின்போது சொன்னதாக 2017-ல் கார்டன் குற்றம்சாட்டினார். அப்படிச் சொன்னதாக நினைவில்லை, சொல்லக்கூடியவரும் அல்ல என்றது வைனர் தரப்பு. இன்னொரு விவரம்: நடிப்புக்காக இந்தத் தொடர் வாங்கிய ஒரே எம்மி, 2015-ல் டானாக நடித்த ஜான் ஹாமுக்கு. பெக்கியாக நடித்த எலிசபெத் மாஸுக்கு இந்தத் தொடருக்காக ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை.

இவ்வளவு தெரிந்த பிறகு கடைசிக் காட்சிக்கு வந்தால், ரசிகர்கள் ஏன் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள் என்பது புரியும். எல்லாம் இழந்த டான், கலிஃபோர்னியக் கடற்கரை ஆசிரமம் ஒன்றில் கண்மூடித் தியானத்தில் உட்கார்ந்திருக்கிறார். மணி ஒலிக்கிறது. உதட்டோரம் ஒரு புன்னகை. அடுத்த நொடி, பல நாட்டு இளைஞர்கள் மலைமேல் நின்று பாடும் 1971-ன் உண்மையான கோகோ கோலா விளம்பரம். டான் திரும்பிப் போய் அதை எடுத்தாரா? எடுத்தார் என்பவர்கள், ஆசிரமத்து வரவேற்பறைப் பெண்ணின் சிவப்பு ரிப்பன் பின்னலையும் விளம்பரத்துப் பெண்ணின் பின்னலையும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார்கள். எடுத்தது பெக்கி என்று ஒரு சிறு கட்சி. டானிடம் கடைசித் தொலைபேசிப் பேச்சில் கோக் பற்றி நினைவூட்டியது அவள்தானே என்பது அவர்கள் சாட்சியம். வைனரே பின்னர் டான்தான் என்ற பொருள்படப் பேசியதால் பெரும்பாலோர் வழக்கை முடித்துவிட்டார்கள்.

நிஜத்தில் அந்த யோசனை மெக்கேன் எரிக்சனில் வேலை பார்த்த பில் பேக்கருடையது. 1971 ஜனவரியில் லண்டன் போன விமானம் பனிமூட்டத்தால் அயர்லாந்தின் ஷானனில் இறங்க, முந்தைய இரவு சண்டை பிடித்த பயணிகள் மறுநாள் கோக் பாட்டில்களோடு சிரித்துப் பேசுவதைப் பார்த்து, கைத்துடைப்புத் தாளில் குறித்துக்கொண்டார். பாட்டை அவரோடு பில்லி டேவிஸ், ரோஜர் குக், ரோஜர் கிரீனவே ஆகியோரும் சேர்ந்து எழுதினார்கள். போரில் செத்த அதிகாரியின் பெயரைத் திருடி வாழ்ந்த டானின் கணக்கில், கடைசியாக ஓர் உண்மையான மனிதரின் விளம்பரத்தையும் எழுதிவைத்தது தொடர். குறும்பு என்று சிலர் ரசிக்கிறார்கள். எனக்கோ இதைவிடப் பொருத்தமான முடிவு கிடைத்திருக்காது என்று தோன்றுகிறது. பேக்கர் 2016-ல் 89 வயதில் காலமானார். அஞ்சலிக் குறிப்புகளில் டான் டிரேப்பரின் பெயரும் தவறாமல் வந்தது.

புதிதாகப் பார்க்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் சில எபிசோடுகள் புகையும் மதுவுமாக நகராதது போலத் தோன்றும். உதட்டுச் சாய எபிசோட் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு நேரமில்லை என்பவர்கள் நான்காவது சீசனின் ஏழாவது எபிசோடை மட்டுமாவது பாருங்கள். பாஸை பக்கத்தில் வைத்துக்கொண்டு மட்டும் பார்க்க வேண்டாம்.