நின்ற நிலையில் ஓர் அறுவை

2019ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ நெகிழிக் கழிவு அகற்றப்பட்டது. திருமுல்லைவாயிலிலிருந்து வந்த அப்பசுவுக்குச் செய்த அறுவை ஐந்து மணிநேரத்திற்கும் மேலாக நீடித்தது. குப்பையை மேயும் மாடு எவ்வூரில் இருப்பினும் இந்நிலைக்கு ஆளாகலாம். 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே அமைந்த ஏலகிரியிலிருந்து நோயுற்ற மாட்டைக் கீழே இறக்குவதும் எளிதன்று. கொட்டிலிலேயே செய்யத்தக்க மருத்துவத்தின் தேவை அத்தகைய ஊர்களில் மிகுதி.

அசைபோடும் விலங்கை முழு மயக்கத்தில் கிடத்தினால், இரைப்பையில் வாயு தேங்கி நுரையீரலை அழுத்தும். உண்ட தீவனம் மேலேறி மூச்சுக்குழலுள் புகவும் கூடும். ஆகவே, மாட்டை நிற்கவைத்து, வயிற்றின் இடப்பக்கத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வர். அப்பகுதியின் வலியை மூளைக்கு எடுத்துச் செல்பவை, முதன்மையாக, கடைசி மார்பு நரம்பும் முதலிரண்டு இடுப்பு நரம்புகளும் ஆகும். அவை முதுகெலும்பை விட்டு வெளிவரும் இடத்தருகே மருந்தைச் செலுத்துவது நரம்புத்தடை எனப்படும். சோடியம் அயனிகள் நரம்பிழைக்குள் நுழையும் வாயில்களை அம்மருந்து அடைத்துவிடும். வலிச்செய்தி வழியிலேயே நின்றுவிடும்.

எம்மருந்தைத் தேர்வது? ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் நில்ஸ் லோஃப்கிரென் 1943இல் உருவாக்கிய லிக்னோகெயின் இன்று பெரிதும் பயன்படுகிறது. சில நிமிடங்களிலேயே வேலையைத் தொடங்கி, ஒன்று முதல் இரண்டு மணிநேரம் வரை நிற்கும். அட்ரினலின் சேர்த்தால் அருகிலுள்ள குருதிக்குழாய்கள் சுருங்கும். மருந்து மெல்லக் கரைந்து செல்வதால் பயன் நீளும். ஆயினும், பால்காம்பைச் சுற்றி இக்கலவையைச் செலுத்துதல் கூடாது. குருதியோட்டம் குறைந்து காம்பின் திசு அழிய நேரும்.

பியூபிவாகெயின் வேறு இயல்பினது. தொடங்குவதற்கு அரைமணி நேரம்வரை ஆகலாம். தொடங்கியபின் நான்கு முதல் எட்டு மணிநேரம் வரை நிற்கும். நீண்ட அறுவைக்கும் அதன் பிந்தைய வலிக்கும் இது ஏற்றது போலத் தோன்றும். ஆனால், தவறிக் குருதிக்குழாயில் புகுந்தால் இதயத்தையே தாக்கும் தன்மை இதற்கு மிகுதி. ஊசியைக் குத்தியதும் மருத்துவர் உந்துதண்டைச் சற்றுப் பின்னிழுத்துக் குருதி வருகிறதா என்று பார்ப்பது இதனால்தான்.

இவற்றுக்கு முந்தைய புரோக்கெயின் வலிமை குறைந்தது, விரைவில் தீர்ந்துவிடும். எனினும், லிக்னோகெயின் உடலில் சிதையும்போது தோன்றும் ஒரு பொருள் பாலிலும் இறைச்சியிலும் எஞ்சுமோ என்ற ஐயத்தால், ஐரோப்பாவில் நெடுங்காலம் மாடுகளுக்குப் புரோக்கெயினே விரும்பப்பட்டது. பழைய மருந்து என்று அதனைத் தள்ளிவிட இயலாது.

நீண்ட நேரம் நிற்கும் மருந்தே சிறந்தது என எண்ணுவோர் கன்று ஈனும் பசுவை நினைக்க வேண்டும். முக்குதலைத் தணிக்க வாலடியில், முதுகுத்தண்டின் உறைக்கு வெளியே, லிக்னோகெயின் செலுத்துவதுண்டு. அளவு சிறிது மிஞ்சினாலும் பின்கால்கள் வலுவிழக்கும். பசு தடுமாறி விழும். ஒரு மணிநேரத்தில் தெளியும் மருந்தாயின் அது மீண்டும் எழும். பல மணிநேரம் நிற்கும் மருந்தாயின், அவ்வளவு நேரமும் தன் எடையாலேயே தசைகள் நசுங்கக் கிடக்கும்.