ஜாஸ் இசையை விளக்கும் நல்ல எழுத்துக்கள்

நாம் குடியேறி வாழும் நாடுகளில், பாடசாலை வாத்தியக் குழுக்களில் எமது பிள்ளைகளும் இருக்கிறார்கள். சக்ஸபோன், ட்ரம்பெட், பியானோ என்று பழகுகிறார்கள். அங்கே அவர்களுக்கு அறிமுகமாகும் இசைகளுள் ஒன்று ஜாஸ். பிள்ளை அறைக்குள் வாசிக்கும்போது பெற்றோராகிய நாம் வெளியில் இருந்து கேட்கிறோம். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பிடிபடுவதில்லை. விளக்கிச் சொல்லப் பிள்ளையிடம் தமிழ் போதாது. கேட்டு அறிய எம்மிடம் ஆங்கிலம் போதாது.

இந்த இடைவெளியைக் குறைக்க நல்ல எழுத்து உதவும். ஜாஸ் பற்றி இணையத்தில் எழுத்துக்கள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. அவற்றுள் ஒருவர் எழுதியதை மற்றவர் திருப்பி எழுதியவை ஏராளம். எதைப் படிப்பது, எதை விடுவது? நாம் கண்டுகொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வாசித்த கலைஞரின் வாய்ச்சொல் இருக்கும் எழுத்தையே முதலில் தேடிப் படியுங்கள்.

உயிரோடு இருக்கும்போதே கேட்டவர்கள்

அமெரிக்காவின் தெற்கே உள்ள நியூ ஓர்லியன்ஸ் என்னும் துறைமுக நகரில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது ஜாஸ். அதை உருவாக்கியவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். அவர்களுடைய கதையை அன்றைய பெரிய பத்திரிகைகள் பொருட்படுத்தவில்லை.

1938இல் அலன் லோமக்ஸ் என்ற இளைஞர், ஜெலி ரோல் மோர்ட்டன் என்னும் பியானோ கலைஞரை வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு அழைத்தார். மோர்ட்டனை இசையுலகம் அப்போது ஏறக்குறைய மறந்துவிட்டிருந்தது. அவர் பியானோவின் முன் அமர்ந்து, வாசித்தபடியே நியூ ஓர்லியன்ஸ் கதைகளைச் சொன்னார். எட்டு மணித்தியாலத்துக்கும் மேற்பட்ட பதிவு அது. மூன்று ஆண்டுகளில், 1941இல், மோர்ட்டன் காலமானார். அந்தப் பேச்சை வைத்து லோமக்ஸ் எழுதிய 'மிஸ்டர் ஜெலி ரோல்' 1950இல் வெளிவந்தது. கேட்கப் பிந்தியிருந்தால் அந்த நூலே இல்லை.

1955இல் நட் ஷப்பிரோ, நட் ஹென்டொஃப் இருவரும் தொகுத்த 'ஹியர் மீ டோக்கின் டு யா' இன்னொரு நல்ல நூல். ஜாஸின் வரலாறு முழுவதையும் கலைஞர்களின் சொற்களாலேயே கோத்திருக்கிறார்கள். நியூ ஓர்லியன்ஸில் உள்ள துலேன் பல்கலைக்கழகம் 1958 முதல் முதிய கலைஞர்களின் பேச்சை ஒலிநாடாவில் பதிந்து சேர்த்தது. ஸ்மித்சோனியன் நிறுவனம் 1992இல் இதே பணியைத் தொடங்கியது. இவ்விரு தொகுப்புகளிலும் பலவற்றை இணையத்தில் பணம் கட்டாமல் கேட்கலாம், படிக்கலாம்.

நல்ல எழுத்தின் அடையாளங்கள்

முதல் அடையாளம், அது உங்களை இசைத்தட்டிடம் அனுப்பும். லூயிஸ் ஆம்ஸ்ட்ரோங் 1928இல் சிக்காகோவில் பதிவு செய்த 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' ஏறத்தாழ மூன்று நிமிடங்கள்தான். தொடக்கத்தில் ட்ரம்பெட் தனியே, துணை வாத்தியம் எதுவுமின்றிப் பாய்ந்து இறங்கும். பின்பு 12 அளவு கொண்ட ஒரு சுற்று திரும்பத் திரும்ப வரும். ஒரு சுற்றில் கிளாரினெட் ஒரு வரி சொல்ல, ஆம்ஸ்ட்ரோங் சொல்லில்லாத குரலால் பதில் பாடுவார். அடுத்ததில் ஏர்ல் ஹைன்ஸின் பியானோ. கடைசிச் சுற்றில் ட்ரம்பெட் ஒரே சுரத்தை நீள நிறுத்திப் பிடிக்கும். கட்டிய சுற்றுக்குள் நின்று கற்பனையாக வாசிப்பது எமது நாதஸ்வரக் கச்சேரி கேட்டவர்களுக்குப் புதிதல்ல. இந்தப் பதிவைப் பற்றி கந்தர் ஷுல்லர் 'ஏர்லி ஜாஸ்' (1968) என்ற நூலில் எழுதியதைப் படித்துவிட்டு மறுபடி கேளுங்கள். முன்பு சத்தமாகக் கேட்டது இப்போது வரிசையாகக் கேட்கும்.

இரண்டாவது, அது கலைஞர் வாழ்ந்த நிலைமையைச் சொல்லும். நியூயோர்க்கில் 1940 முதல் 1967 வரை, மது விற்கும் விடுதிகளில் வாசிக்கக் கலைஞர்கள் பொலிசாரிடம் கைரேகை கொடுத்து ஓர் அட்டை பெறவேண்டும். 1951இல் அந்த அட்டையை இழந்த தெலோனியஸ் மங்க் என்ற மேதை, 1957 வரை சொந்த நகரின் விடுதிகளில் வாசித்துப் பிழைக்க முடியாமல் இருந்தார். ஓர் அட்டை இல்லாவிட்டால் வேலை இல்லை என்பதன் பொருளை எம்மவர்க்கு விளக்கத் தேவையில்லை. ரொபின் கெலி 14 ஆண்டுகள் உழைத்து 2009இல் வெளியிட்ட மங்கின் வாழ்க்கை வரலாற்றில் இவையெல்லாம் விரிவாக உண்டு.

மூன்றாவது, அது கலைஞர் சொன்னதையும் சரிபார்க்கும். தாம் 1900 யூலை 4இல் பிறந்ததாகவே ஆம்ஸ்ட்ரோங் சொல்லிவந்தார். 1980களில் கண்டெடுக்கப்பட்ட ஞானஸ்நானப் பதிவேட்டில் இருந்த தேதியோ 1901 ஓகஸ்ட் 4. கலைஞர் மீது அன்பும் வேண்டும், பதிவேட்டைப் புரட்டும் பொறுமையும் வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

ஆம்ஸ்ட்ரோங்கின் எழுத்திலிருந்தே தொடங்கலாம். செல்லும் இடமெல்லாம் தட்டச்சுப் பொறியைக் கொண்டுசென்று எழுதியவர் அவர். 1969இல் வைத்தியசாலையில் இருந்தபோது தம் சிறுபிராயத்தை எழுதத் தொடங்கினார். லித்துவேனியாவிலிருந்து வந்து குடியேறிய கார்னொவ்ஸ்கி என்ற யூதக் குடும்பத்திடம் சிறுவனாக அவர் வேலை செய்தார். அடகுக் கடையில் ஐந்து டொலருக்கு இருந்த கோர்னெட் வாத்தியத்தை வாங்க அவர்கள் இரண்டு டொலரைச் சம்பள முற்பணமாகக் கொடுத்தார்கள். மீதியை வாரம் 50 சதமாகச் சேர்த்துக் கட்டினாராம். வந்தேறிகளான அவர்களும் அவமதிக்கப்பட்டதைச் சிறுவயதிலேயே கண்டதாக எழுதுகிறார். நியூயோர்க்கில் அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம். அவரது ஒலிநாடாக்கள், கடிதங்கள், படங்கள் 2018 முதல் அதன் இணையத்தொகுப்பில் எவரும் பார்க்கக் கிடைக்கின்றன.

எமக்கு நெருக்கமான பெயர் ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்கு 1971இல் பிறந்த விஜய் ஐயர், ஜாஸ் பியானோ கலைஞர். தாளமும் உடலும் பற்றி அவர் எழுதிய 1998ஆம் ஆண்டு ஆய்வேட்டையும் இணையத்தில் படிக்கலாம். வளர்ந்த பிள்ளைகளுக்கு அது ஏற்றது.

இவற்றைத் தனியே படிக்கச் சிரமமானால் பிள்ளையைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். வாரம் ஒரு பக்கம் போதும். பழைய கலைஞர்களிடம் கேட்கப்பட்ட கேள்விகள் எளியவை: எங்கே பிறந்தீர்கள், வீட்டில் யார் பாடினார்கள், முதலில் யாரிடம் பழகினீர்கள். அந்தக் கேள்விகளைப் பழகிய பிள்ளை, அவற்றையே அம்மம்மாவிடமும் அப்பப்பாவிடமும் கேட்கட்டும். பக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றும் இருக்கட்டும்.