புகார் மனு தீர்ப்பாகுமா?

டென்மார்க் நாட்டிலே, கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியைப் பன்னிரண்டு வயதுச் சிறுமியருக்கு அரசே இலவசமாகப் போடும் திட்டம் 2009-ல் தொடங்கிற்று. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வரை போட்டுக்கொண்டார்கள். 2015 மார்ச்சில் தொலைக்காட்சியிலே ஒரு படம் வந்தது. ஊசிக்குப் பின் தலைசுற்றல், ஓயாத வலி, தீராத சோர்வு என்று வாடிய சிறுமியரைக் காட்டினார்கள். பெற்ற வயிறு பதறாதா? பதறிற்று. ஏடுகள் எடுத்தெழுதின. பதறியவர்கள் இணையத்திலே தேடினார்கள். 'ஊசி, தலைசுற்றல்' என்று தேடியவருக்கு ஊசியும் தலைசுற்றலும்தானே கிடைக்கும்! மருந்துக் கண்காணிப்பு அலுவலகத்திலே புகார்கள் குவிந்தன. அவற்றிலே பல, பல்லாண்டுகளுக்கு முன் போட்ட ஊசியைப் பற்றியவை!

மருந்து மாறிற்றா? இல்லை. ஊரார் பேச்சு மாறிற்று.

நியூசிலாந்துக் கதை இன்னும் விசித்திரம். அங்கே 2007-ல், தைராய்டு நோயாளிகள் உண்ணும் எல்ட்ராக்சின் மாத்திரையின் தயாரிப்பு மாறியது. சத்து அதே சத்து; நிறமும் சேர்மானமுமே வேறு. அதற்கு முந்திய 30 ஆண்டுகளில் வந்த புகார்கள் 14. மாறிய பின் 18 மாதங்களில் 1,400-க்கும் மேல்! தொலைக்காட்சி எந்த உபாதையைச் சொன்னதோ, அதுவே பிறகு வந்த புகார்களில் பெருகியதை ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள்.

பொய்யா சொன்னார்கள்? அல்ல, தோழர்களே! கொரோனா ஊசிக்கான பன்னிரண்டு சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஆய்வு 2022-ல் வெளியாயிற்று. மருந்தே இல்லாத வெற்று ஊசி போட்டுக்கொண்டவர்களிலும் நூற்றுக்கு 35 பேர், முதல் ஊசிக்குப் பின் தலைவலி, சோர்வு என்றார்கள். வலி மெய். காரணம்தான் வேறு.

அதற்காகப் புகாரே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. 1999-ல் அமெரிக்காவிலே, குழந்தைகளின் வயிற்றுப்போக்கைத் தடுக்கக் கொடுத்த மருந்தொன்று குடல் செருகலை உண்டாக்கியது. அதைக் காட்டிக் கொடுத்தவை இத்தகைய புகார்களே. பதினைந்து புகார்கள் வந்ததுமே மருந்தை நிறுத்தி விசாரித்தார்கள், பிறகு விலக்கினார்கள். ஆலையிலே தொழிலாளி கொடுக்கும் மனுவைக் குப்பையிலே போடும் அதிகாரியை நாம் மன்னிப்பதில்லை. ஆனால் விசாரணைக்கு முன்பே மனுவைத் தீர்ப்பென்று அச்சடிக்கும் ஏட்டுக்கு என்ன பெயர்? ஊசி போட்டவர் எத்தனை பேர், போடாதவரிடையே இதே நோய் எவ்வளவு — இவ்விரண்டையும் கேட்காமல் தலைப்புப் போடலாமா? வெற்றுக் கூச்சலிலே உண்மையான பதினைந்து புகார்கள் மூழ்கிப் போனால், பொறுப்பு யாருடையது?

டென்மார்க்கிலே தண்டனை அனுபவித்தவர்கள் யார்? 2015 நவம்பரிலே ஐரோப்பிய மருந்து முகமை ஆராய்ந்து, அந்த வலி நோய்களும் மயக்க நோய்களும் ஊசியால் வந்தவை என்பதற்குச் சான்றில்லை என்றது. ஆயினும், 2003-ல் பிறந்த சிறுமியரில் உரிய வயதிலே ஊசி போட்டுக்கொண்டவர்கள் நூற்றுக்கு நாற்பதுக்கும் குறைவு! 2017 மே மாதம் அரசின் சுகாதாரத் துறையும், புற்றுநோய்ச் சங்கமும், மருத்துவர் சங்கமும் கைகோத்து, தாய்மாரின் கேள்விகளுக்கு முகநூலிலே பதில் சொல்லத் தொடங்கின. கணக்கு மெல்ல மெல்ல ஏறியது.