துறவி தொடங்கிவைத்த 'குடி அரசு'

1925 மே 2 அன்று, அப்போது கோவை மாவட்டத்தில் இருந்த ஈரோட்டில், பெரியாரின் 'குடி அரசு' வார இதழைத் தொடங்கிவைத்தவர் திருப்பாதிரிப்புலியூர் மடத்தின் தலைவர் ஞானியார் அடிகள். சாதியையும் சாத்திரத்தையும் சடங்கையும் வாரந்தோறும் கேள்விக்கு உட்படுத்திய ஏட்டுக்கு ஒரு துறவியின் நல்வாழ்த்து! கொங்கு மண்ணின் இதழியல் வரலாற்றில் இதைவிடப் பெருந்தன்மையான தொடக்கம் அரிது.

1933-இல் எழுதிய ஒரு தலையங்கத்துக்காகப் பெரியாரும், இதழின் வெளியீட்டாளரான தங்கை கண்ணம்மாளும் சிறை சென்றனர். இதழ் நின்றது. 'புரட்சி', பின்னர் 'பகுத்தறிவு' அந்த இடத்தில் வந்தன.

1935 சனவரியில் 'குடி அரசு' மீண்டபோது அதன் எழுத்தே மாறியிருந்தது. ணை, லை, னை, றா, னா போன்றவற்றுக்கு இருந்த தனி வடிவங்கள் கைவிடப்பட்டன; அச்சுக்கோப்பவரின் வேலை எளிதாயிற்று. தமிழக அரசு இவ்வடிவங்களை ஏற்றது 1978-இல். இந்தப் பலகையும் அவ்வெழுத்திலேயே அமைந்துள்ளது.