தென்னைக்கு நாடி பார்த்தல்

கொல்லைப்புறத்துத் தென்னை வாட்டமாக நிற்கக் கண்டால் நம்மில் பெரும்பாலோர் அண்ணாந்து உச்சியைப் பார்க்கிறோம். காய் குறைந்ததா, மட்டை பழுத்ததா என்று விசாரிக்கிறோம். ஆனால் சில கொடிய வியாதிகள் உச்சியில் தெரிவதற்கு முன்னரே தண்டில் தம் அடையாளத்தை இட்டுவிடுகின்றன. அவற்றை வேளையோடு கண்டறிவது எப்படி என்று பார்ப்போம்.

மாமரத்தில் வெட்டுப்பட்டால், பட்டைக்கடியிலுள்ள வளர்படலம் புதிய திசுவை உண்டாக்கி நாளடைவில் காயத்தை மூடிவிடும். தென்னைக்கும் பனைக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. அவற்றின் தண்டில் அத்தகைய படலம் கிடையாது. தென்னை பெற்ற காயம் ஆயுள் உள்ளவரை ஆறாத காயமே. ஏறுவதற்கு வசதி என்று தண்டில் நாம் வெட்டும் படிகள், பூச்சிகளுக்குத் திறந்து வைத்த வாசற்கதவுகள் அன்றோ?

தண்டின் குறைகளெல்லாம் வியாதியல்ல. ஓரிடத்தில் மட்டும் தண்டு இடை சிறுத்திருந்தால், அப்பகுதி வளர்ந்த காலத்தில் மரம் வறட்சியாலோ உரக்குறைவாலோ வருந்தியிருக்கலாம். அது பழைய சரித்திரம். அதற்கு மருந்து வேண்டியதில்லை.

சாறு வடிந்தால் மட்டும் அசட்டையாயிருத்தல் கூடாது. சாறு எங்கே, எவ்விதம் வடிகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தண்டின் வெடிப்புகளிலிருந்து செம்பழுப்பு நிறச் சாறு கசிந்து, காய்ந்து கறுத்திருந்தால் அது சாறு வடிதல் நோயாக இருக்கலாம். 1906-ல் பெட்ச் என்னும் அறிஞர் இலங்கையில் இதைப்பற்றி எழுதினார். அழுகிய பகுதியை உளியால் செதுக்கி எடுத்து, போர்டோ பசை பூசி, மரத்துக்கு 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு இடுவது வழக்கமான சிகிச்சை.

துளைகளிலிருந்து சாற்றோடு மென்று துப்பியது போன்ற நாரும் வெளிவந்தால், குற்றவாளி சிவப்புக் கூன்வண்டு. தண்டில் காதை வைத்துக் கேட்டால் உள்ளே புழு கடிக்கும் ஓசை கேட்பதும் உண்டு. காயத்தின் மணமே இவ்வண்டை அழைப்பது; ஆகவே பச்சை மட்டையைத் தண்டோடு ஒட்ட வெட்டலாகாது.

மூன்றாவது வியாதியே மிகப் பொல்லாதது. தூரை ஒட்டிச் சாறு வடியும், அடிமட்டைகள் வாடித் தண்டைச் சுற்றித் தொங்கும், வேர்கள் அழுகும். 1952-ல் வீசிய புயலுக்குப் பின் தஞ்சை ஜில்லாவில் காணப்பட்டமையால் இதற்குத் தஞ்சாவூர் வாடல் நோய் என்றே பெயர் வழங்குகிறது. அடித்தண்டில் தட்டுப்போன்ற காளான் முளைத்துவிட்டால், நோய் முற்றிவிட்டது என்று பொருள்.

இவ்விடத்தில்தான் குடும்பத்தாரின் மனம் தடுமாறுகிறது. பாட்டனார் நட்டுப் பிள்ளைபோல் வளர்த்த மரத்தை வெட்டுவதா என்று தயங்குகிறோம். ஆனால் இந்தப் பூஞ்சை மண்ணில் தங்கி, வேர் வழியாக அடுத்த மரத்தைப் பற்றுவது. ஒரு மரத்தின்மீது கொண்ட பாசத்தால் தோப்பையே, சில வேளை அண்டை வீட்டார் மரத்தையும் பலிகொடுத்து விடுகிறோம். பிழைக்காத மரத்தை வேரோடு அகற்றலே தருமம். நோய் தொடக்க நிலையிலுள்ள மரத்தைச் சுற்றி 1 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டித் தனிப்படுத்தி, அதன் பாத்தியிலிருந்து மற்ற மரங்களுக்கு நீர் பாயாமல் தடுத்து, வேப்பம் புண்ணாக்கோடு டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து இடலாம்.

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாப் பகுதியில் கணக்கற்ற தென்னைகளைச் சாய்த்தது. விழுந்தவற்றுக்காக வருந்தும் வேளையில், காயத்தோடு நிற்பவற்றைச் சோதிக்க மறந்துவிடக் கூடாது. மாதம் ஒருமுறை ஒவ்வொரு மரத்தையும் தூரிலிருந்து கண்ணெட்டும் உயரம் வரை சுற்றிப் பாருங்கள். வீட்டுக் குழந்தைகளையும் கூட அழைத்துச் செல்லுங்கள். நாளை அத்தோப்பைக் காக்க வேண்டியவர்கள் அவர்களே.