தகரத்தைத் தூக்கி வைத்த தச்சர்: ஃபிரான்சிஸ் கெரேயும் காண்டோ பள்ளிக்கூடமும்

இந்த எபிசோடில் கோடும் இல்லை, ஸ்டார்ட்அப்பும் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிற ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசப் போறோம். முதலில் கட்டியது மூணே மூணு வகுப்பறை. ஏசி இல்லை, ஃபேன் இல்லை. கட்டின சமயத்தில் அந்த ஊருக்குக் கரண்டே வரவில்லை. ஆனால் அதை வடிவமைத்தவருக்கு 2022-ல் பிரிட்ஸ்கர் பரிசு கொடுத்தாங்க. கட்டடக் கலைக்கு நோபல் மாதிரின்னு சொல்வாங்களே, அதேதான். அதை வாங்கிய முதல் ஆப்பிரிக்கர் அவர். பெயர் டியெபெடோ ஃபிரான்சிஸ் கெரே.

நான் எதுக்கு இதைப் பேசறேன்? என் வேலையில் ஒரு சர்வீஸ் ஸ்லோ ஆனால், மீட்டிங்கில் முதலில் வர்ற யோசனை எப்பவும் ஒண்ணுதான்: இன்னும் பெரிய சர்வர் போடலாம். கட்டடத்துலயும் இதே கதைதான். வீடு கொதிக்குதா? இன்னும் ஒரு டன் ஏசி போடு. கெரே கேட்டது வேற கேள்வி: சூடு எந்த வழியா உள்ளே வருது? அந்தக் கேள்விக்கு அவர் கண்டுபிடித்த பதில்தான் இன்றைய எபிசோட்.

முப்பது வயதில் முதல் வருஷ மாணவர்

முதலில் ஆளைப் பற்றி. கெரே 1965-ல் காண்டோ என்ற கிராமத்தில் பிறந்தார். இன்றைக்குப் புர்கினா ஃபாசோ என்று சொல்கிற நாட்டுக்கு அப்போது அப்பர் வோல்டா என்று பெயர். அப்பா ஊர்த் தலைவர், இவர் மூத்த பிள்ளை. ஊரில் பள்ளிக்கூடம் கிடையாது. அதனால் ஏழு வயதில் டென்கோடோகோ என்ற ஊருக்கு அனுப்பி வைத்தார்கள். அந்தக் கிராமத்திலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் இவர்தான்.

அங்கே அவர் உட்கார்ந்த வகுப்பறையில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். வெளிச்சம் குறைவு, உள்ளே தாங்க முடியாத வெக்கை. வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் அப்படி ஓர் அறைக்குள் மணிக்கணக்காக உட்கார்ந்தால் பாடம் எங்கே ஏறும்? நல்ல கட்டடம்னா என்ன என்று அவர் யோசிக்க ஆரம்பித்தது அந்த பெஞ்சில்தான்.

பிறகு தச்சு வேலை கற்றார். 1985-ல் ஒரு தொழிற்பயிற்சி உதவித்தொகையில் ஜெர்மனிக்குப் போனார். பகலில் கூரை வேலையும் மரச்சாமான் வேலையும், ராத்திரியில் பள்ளிப் படிப்பு. பத்து வருஷம் கழித்து, 1995-ல்தான் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை படிக்கச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. டிகிரி முடித்தது 2004-ல்.

இருபத்தி ஏழு வயசுல 'லைஃப்ல லேட் ஆயிட்டோமோ'ன்னு லிங்க்ட்இன் பார்த்து வருத்தப்படுற நம்ம எல்லாருக்கும் இந்த டைம்லைன் ஒரு நல்ல மருந்து. ஆனால் இதை வெறும் மோட்டிவேஷன் கதையா விட்டுடக் கூடாது. அந்தப் பத்து வருஷத் தச்சு வேலை வீண் போகவில்லை. கூரையை எப்படி நிறுத்துவது, எதை எதோடு இணைப்பது என்பதைக் கையால் தெரிந்துகொண்ட பிறகுதான் அவர் வரைய உட்கார்ந்தார். அது காண்டோவில் அப்படியே தெரியும்.

1998-ல், மாணவராக இருக்கும்போதே, நண்பர்களோடு சேர்ந்து ஓர் அமைப்பு தொடங்கினார். அதன் ஜெர்மன் பெயருக்கு 'காண்டோவுக்குப் பள்ளிக்கூடக் கற்கள்' என்று அர்த்தம். கூடப் படித்தவர்களிடம், காபிக்கும் சிகரெட்டுக்கும் செலவாகிற காசைக் கொடுங்கள் என்று கேட்டார். இரண்டு வருஷத்தில் சுமார் 50,000 டாலர் சேர்ந்தது. 2001-ல் பள்ளிக்கூடம் எழும்பியது. அதாவது, டிகிரி கைக்கு வருவதற்கு மூன்று வருஷம் முன்னாடியே.

தகரம் செய்கிற இரண்டு வேலை

இப்போ விஷயத்துக்கு வருவோம். அந்தப் பகுதியில் மழைக்குத் தகர ஷீட்தான் கட்டுப்படியாகும். லேசானது, மலிவு, வேகமாகப் போடலாம். ஆனால் வெயிலில் அது அடுப்பு. தகரக் கொட்டகைக்குள் மத்தியானம் நின்றவர்களுக்குத் தெரியும்: காற்று சூடு என்பது ஒரு பக்கம், தலைக்கு மேலே இருந்து நேராக ஓர் அனல் இறங்கும். சூடேறிய தகரம் கீழே இருக்கிற எல்லாவற்றின் மேலும் வெப்பத்தைக் கதிராக வீசுகிறது. ஜன்னலைத் திறந்தாலும் அது நிற்காது.

'தகரம் மோசம், தூக்கிப் போடு' என்று சொல்வது சுலபம். கெரே அப்படிச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால் அந்தக் கூரை இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, மழையையும் வெயிலையும் தடுப்பது. இரண்டு, அறைக்கு மூடியாக இருப்பது. முதல் வேலையைத் தகரம் நன்றாகச் செய்கிறது. இரண்டாவதுதான் பிரச்சினை. நம்ம பாஷைல சொல்லணும்னா, ஒரே ஃபங்ஷன்ல ரெண்டு பொறுப்பு. அவர் அதை ரெண்டா பிரிச்சார்.

வகுப்பறைக்கு மேலே மண் கற்களால் ஆன ஓர் உள்கூரை. கான்கிரீட் உத்தரங்கள், அவற்றின் மேல் குறுக்கே இரும்புக் கம்பிகள், கம்பிகளின் மேல் கற்கள். நடுவில் காற்றுப் போக இடைவெளிகள். தகரம் அதற்கும் மேலே, கம்பிச் சட்டத்தின் மீது, ஒரு குடை மாதிரித் தனியாக நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் திறந்த வெளி.

இப்போது என்ன நடக்கும்? தகரம் வழக்கம் போலக் கொதிக்கும். ஆனால் அந்த அனல் பிள்ளைகள் தலையில் விழுவதில்லை, கனமான மண் உள்கூரை மேல் விழுகிறது. நடுவெளியில் ஓடும் காற்று சூட்டை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. வகுப்பறைக்குள் சூடாகிற காற்று லேசாகி மேலே எழும்பி, உள்கூரை இடைவெளி வழியாக வெளியேறுகிறது. அந்த இடத்தை நிரப்ப, ஜன்னல் வழியாகப் புதுக் காற்று உள்ளே வருகிறது. மோட்டார் எதுவும் தேவையில்லை. சூடான காற்று மேலே போகும் என்பது மட்டும் போதும்.

தகரக் குடை சுவரைத் தாண்டி வெளியே நீண்டிருக்கிறது. அதனால் மழை மண் சுவரில் அடிக்காது, வெயிலும் படாது. மூன்று வகுப்பறைகளும் ஒரே வரிசையில் ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் ஒட்டிக்கொண்டு இல்லை. இடையில் நிழலான திறந்த இடம் விட்டிருக்கிறது. காற்று வர அதுவும் ஒரு வழி, பிள்ளைகள் உட்கார அதுவும் ஓர் இடம்.

ஊர் ஒத்துக்கொண்டது எப்படி?

இந்தக் கதையில் ரொம்பக் கஷ்டமான பகுதி இயற்பியல் இல்லை. ஊர்க்காரர்கள்தான். ஜெர்மனியில் படித்த பையன் கான்கிரீட்டும் கண்ணாடியுமாகப் பெரிதாகக் கட்டுவான் என்று எதிர்பார்த்தார்கள். அவர் வந்து மண்ணில் கட்டலாம் என்றார். மண் வீடு ஒரு மழைக்காலம் தாங்காது, வருஷா வருஷம் பூச வேண்டும் என்று அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். இதைச் சொல்லவா இத்தனை வருஷம் வெளிநாட்டில் படித்தாய் என்று கேட்டால், அது நியாயமான கேள்விதானே?

அவர் லெக்சர் எடுக்கவில்லை, செய்து காட்டினார். ஊர் மண்ணோடு கொஞ்சம் சிமென்ட் கலந்து, அழுத்தி எடுத்த கல். இது மழைக்குக் கரையாது. பெரிய உத்தரங்களைத் தூரத்திலிருந்து கொண்டுவர வழியில்லை, கிரேனும் இல்லை. அதனால் சாதாரண கட்டுமானக் கம்பியைக் கை ரம்பத்தால் அறுத்து, சின்ன வெல்டிங் மெஷினால் ஒட்டி, லேசான சட்டங்கள் செய்யக் கற்றுக் கொடுத்தார். பிள்ளைகள் கல் சுமந்தார்கள், பெண்கள் தண்ணீர் கொண்டுவந்தார்கள், தரையைச் சேர்ந்து இடித்துக் கெட்டியாக்கினார்கள்.

இதில் வேலை கற்றவர்கள் பிறகு வெளியூர்களிலும் அதே வேலையைச் செய்து சம்பாதித்தார்கள். 'சஸ்டெயினபிள்' என்ற வார்த்தையை நாம் சோலார் பேனல் படத்தோடு சேர்த்தே பார்த்துப் பழகிவிட்டோம். எனக்கு இங்கே அதன் அர்த்தம் இன்னும் எளிமையாகத் தெரிகிறது: கட்டியவர் விமானம் ஏறிப் போன பிறகும், ரிப்பேர் செய்யத் தெரிந்தவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். டாக்குமெண்டேஷன் இல்லாத கோடைப் பராமரிக்கிறவர்களுக்கு இதன் அருமை புரியும்!

பலன்? இந்தப் பள்ளிக்கு 2004-ல் ஆகா கான் கட்டடக் கலை விருது கிடைத்தது. அடுத்த வருஷம் பெர்லினில் கெரே தன் அலுவலகத்தைத் தொடங்கினார். 2008-ல் பள்ளி விரிவானது. 120 மாணவர்களோடு தொடங்கிய இடம் 700 பேர் படிக்கும் இடமாக வளர்ந்தது. பெர்ஃபார்மன்ஸ் என்றால் நான் முதலில் பார்க்கிற எண் அதுதான்.

நம்ம ஊருக்கு அப்படியே ஒத்து வருமா?

கெரே காண்டோவை எல்லா இடத்திலும் காப்பி பேஸ்ட் செய்யவில்லை. புர்கினா ஃபாசோவின் கூடுகூ நகரில் 2016-ல் முடிந்த லைசே ஷோர்ஜ் பள்ளியில், அங்கே கிடைக்கிற செம்பாறாங்கல் சுவர், சூட்டை வெளியே தள்ளும் காற்றுக் கோபுரங்கள், நிழலுக்கு யூகலிப்டஸ் கம்புகளால் ஒரு வெளித்தடுப்பு. கென்யாவின் துர்கானா ஏரிக் கரையில், இளைஞர்களுக்கு ஐடி பயிற்சி தருகிற ஸ்டார்ட்அப் லயன்ஸ் வளாகம் 2021-ல் வந்தது. கரையான் புற்றைப் பார்த்து வடிவமைத்த உயரமான கோபுரங்கள் சூடான காற்றை மேலே இழுத்துவிடுகின்றன; கீழே உள்ள திறப்புகள் குளிர்ந்த காற்றை உள்ளே விடுகின்றன. கம்ப்யூட்டர்கள் சூடாகாமல் இருக்கவும் அதுதான் ஏற்பாடு. மூன்று இடம், மூன்று வடிவம், கேள்வி மட்டும் ஒன்றே.

அதனால் 'மண் வீடு கட்டினா சென்னைல ஏசியே வேண்டாம்'னு நான் சொல்ல வரலை. காண்டோ வறண்ட ஊர். சென்னையில் வெக்கையோடு ஈரப்பதமும் சேர்கிறது, கோடையில் ராத்திரியும் சூடு பெரிதாக இறங்குவதில்லை. கனமான சுவர் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி வெளியே விட வேண்டும். ராத்திரி குளிராவிட்டால் அது எங்கே விடும்? இங்கே நிழலும் காற்றோட்டமும்தான் முக்கியம். மண் கல்லும் நமக்குப் புதுசு இல்லை. ஆரோவில்லில் பல வருஷமாக அழுத்திய மண் கற்களில் கட்டுகிறார்கள், வெளியாட்களுக்குக் கற்றும் கொடுக்கிறார்கள். உலகத்தின் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் சுமார் 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. சிமென்ட்டைக் குறைக்கிற ஒவ்வொரு சுவரும் அந்தக் கணக்கில் சேரும்.

சரி, நாம் பெரும்பாலும் வாடகை வீட்டுக்காரர்கள். நமக்கு இதில் என்ன? கடைசி மாடி வீட்டில் ராத்திரி பத்து மணிக்கும் சீலிங் அனல் அடிக்குதே, அது பகல் முழுக்க மொட்டை மாடி வாங்கி வைத்த வெயில். அதற்கு மேலே இடைவெளி விட்டு ஒரு நிழல் போட்டால், அதுவே காண்டோ கூரையின் சின்னத் தம்பி. அடுத்த முறை வீடு பார்க்கப் போகும்போது, ஏசி பாயின்ட் எங்கே என்று கேட்கிற அதே மூச்சில் இன்னும் மூணு கேளுங்க. மேற்கு வெயில் எந்தச் சுவரில் விழுது? ஒரு ஜன்னலில் நுழைகிற காற்று வெளியே போக எதிரே வழி இருக்கா? கூரைக்கு மேலே நிழல் உண்டா?

புரோக்கர் ஒரு மாதிரிப் பார்ப்பார். பரவாயில்லை, கரண்ட் பில் கட்டப் போறது நீங்கதானே. அடுத்த வாரம் சந்திப்போம், மக்களே.