பேட்மேன் (படைத்துறைச் சொல்)

பேட்மேன் என்பது பிரித்தானியப் படையில் ஓர் அதிகாரியின் சொந்த வேலைகளைக் கவனிக்க அமர்த்தப்பட்ட படைவீரரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகும். சீருடையைத் தேய்த்து வைப்பது, பூட்சுக்கு மெருகிடுவது, செய்தி கொண்டு செல்வது முதலியன இவரது வேலை.

வௌவாலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1939-இல் தோன்றிய படக்கதை வீரனுக்கும் இல்லை. பிரெஞ்சு மொழியில் 'பா' என்று ஒலிக்கும் ஒரு சொல்லுக்குப் பொதிச்சேணம் என்று பொருள். அதிகாரியின் மூட்டை முடிச்சுகளைச் சுமந்த பொதிக்குதிரையைப் பார்த்துக்கொண்டவரே முதலில் பேட்மேன் எனப்பட்டார். பிறகு குதிரை போயிற்று, பெயர் ஆளிடம் தங்கிவிட்டது. இந்தியாவில் படிப்பணத்தைக் குறித்த 'பேட்டா' (இன்றும் ஓட்டுநர்கள் கேட்டு வாங்குவது) ஒலியால் நெருங்கியது. ஆங்கிலேயர் இரண்டையும் குழப்பிக்கொண்டதுண்டு. வேர்கள் வேறு.

இந்தியத் தரைப்படையில் இப்பணியாளர் 'ஆர்டர்லி' என்றும் பின்னர் 'சகாயக்' என்றும் அழைக்கப்பட்டார். ஆர்டர்லி என்றால் அதிகாரியின் ஆணையை எடுத்துச் செல்பவர். சகாயக் என்றால் உதவியாளர். பேச்சுத் தமிழில் உள்ள 'எடுபிடி' எந்த அரசாணையிலும் ஏறாத சொல், ஆனால் நடப்பை அதுவே சரியாகச் சொல்கிறது.

காவல்துறையிலும் ஆர்டர்லிகள் இருந்தனர். தமிழ்நாட்டில் 1979-இல் அரசாணை மூலம் இம்முறை ஒழிக்கப்பட்டது. ஆயினும் அரசுச் சம்பளத்தில் பயிற்சி பெற்ற காவலர்கள் உயரதிகாரிகளின் வீட்டு வேலைக்கு அனுப்பப்படுவது நிற்கவில்லை. 43 ஆண்டுகள் கழித்து, 2022-இல், சென்னை உயர் நீதிமன்றம் இதை நான்கு மாதங்களுக்குள் அறவே ஒழிக்குமாறு அரசுக்கு மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது.